மதகுக்காரி

சங்கனி,
உன் பெயருக்கு என்ன பொருள் என்று
பெர்பீஸ் கரையில் யாருக்கும் தெரியாது.
பூசாரியைக் கேட்டேன்.
"பேர் பேர்தான், டோரின். நீ ரம்மை வை."

வைத்திருக்கிறேன்,
தகர மூடியில், உன் கல்லுக்கு முன்னால்.
சிகரெட் நனைந்துவிட்டது. கோபிக்காதே,
மூன்று நாளாய் மழை.

இன்று வெள்ளுவா.
வெளியே கடல் கோக்கர் கதவைத் தோளால் முட்டுகிறது.
உள்ளே கால்வாய்,
பின்நிலத்து வயல்களின் தண்ணீரையெல்லாம் கூட்டிவந்து
இந்தப் பக்கம் முட்டுகிறது.
நடுவில் நாலு அங்குலப் பலகை.
பலகைக்கு மேலே நான்,
அரசாங்கத்தின் மழைக்கோட்டில்,
கையில் சங்கிலி.

போன ஞாயிறு
க்ளைவ் உடம்பில் வந்தாய்.
மினிபஸ் ஓட்டுகிற க்ளைவ்,
சில்லறை பாக்கி தராத க்ளைவ்.
தப்பு அதிர அதிர அவன் கண் மேலே போயிற்று,
எரியும் கற்பூரத்தை நாக்கில் வாங்கினான்.
என் நெற்றியில் கட்டைவிரலை அழுத்தி
நீ சொன்னாய்:
பொறு. பொறு.
மெட்ராஸ் பாஷை. உனக்கு மட்டும் மிச்சமிருப்பது.
பக்கத்தில் நின்று பொருள் சொல்கிறவர்
கொஞ்சம் யோசித்துவிட்டு,
இங்கிலீஷ் காதால் கேட்டு,
"கடன் வாங்காதே என்கிறது சாமி" என்றார்.
குளிர்சாதனப் பெட்டிக்கு வாங்கியாகிவிட்டது, சாமி.
இன்னும் பதினோரு தவணை.

பத்தரை மணிக்கு நரைன் வந்தான்,
தங்கை புருஷன், டார்ச்சும் சேறுமாக.
"தொடை அளவு தண்ணீர், டோரின்.
அடுத்த வாரம் அறுப்பு.
ஒரு அடி தூக்கு, ஒரே அடி."
இப்போது தூக்கினால் கடல்தான் உள்ளே வரும் என்றேன்.
அது அவனுக்கும் தெரியும்.
தெரிந்தவன் கேட்கும்போதுதான்
பதில் சொல்ல நாக்கு வருவதில்லை.
பணம் நீட்டினான். பிறகு வைதான்.
பிறகு மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டு
மெதுவாக,
"நீ யாருக்குக் காவல்?" என்றான்.

அந்தக் கேள்வியை உன்னிடம் தள்ளிவிடலாம் என்று பார்த்தேன்.
இருட்டில் உன் கல் தெரியவில்லை.

இலவ மரத்தடியில் டச்சுக்காரன் இருக்கிறான்,
இந்த மண்ணின் பழைய எஜமான், செத்தும் போகாதவன்.
அவனுக்கும் ஒரு மூடி ரம் வைக்கிறோம்,
சண்டை வேண்டாம் என்று.
கால்வாய் அவன் வெட்டியது என்பார்கள்.
பகல் ஷிப்ட் குவின்டன் சிரிப்பான்:
"வெட்டியது எங்கள் ஆட்கள். இடுப்பளவு சேற்றில்.
ரம் மட்டும் அவனுக்கு."
அப்புறம் குவின்டன் தன் போத்தலைத் திறந்து
கால்வாய் ஓரமாக, நீள நெடுக,
பெயர் தெரியாதவர்களுக்கு ஊற்றுவான்.

இரண்டு மணிக்குக் கடல் உச்சம்.
கதவின் இடுக்கில் உப்புத் தண்ணீர் பீய்ச்சியது.
கந்தல் கோணியை அடைத்தேன், முழங்காலை வைத்து அழுத்தினேன்.
எனக்கே தெரியாமல் வாய் முணுமுணுத்தது,
பொறு, பொறு,
கதவிடமா, நரைனிடமா.
பொருள் தெரியாத சொல்
வாய்க்கு நன்றாக இருந்தது,
புளிப்பு மிட்டாய் போல.

நாலே முக்காலுக்குக் கடல்
தன் பக்கம் திரும்பிப் படுத்தது.
அளவுகோலில் வெளித்தண்ணீர் உள்தண்ணீருக்குக் கீழே.
நான் சுழற்றத் தொடங்கினேன்.
எதுவும் பேசாமல் நரைன்
மறுகைப்பிடியைப் பிடித்தான்.
கதவு முனகி எழுந்தது.
தண்ணீர் போயிற்று, கறுப்பாய்,
ஒரு கோழியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும்
எங்கள் ஊரின் மூன்று நாளையும் இழுத்துக்கொண்டு.

அவன் வயலில் பாதி தேறலாம்.
பாதி தேறாது.
தங்கை என்னோடு பேசுவாளா தெரியாது.

விடிந்தபோது உன் மூடியில்
ரம்மைவிட மழை அதிகம்.
எடுத்து நானே குடித்தேன்.
காவலுக்கு வைத்தது,
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.
சிகரெட் அடுத்த ஞாயிறு, காய்ந்ததாய்.

சங்கிலி இரவெல்லாம் கத்தியது.
துரு.
குவின்டன் வருவதற்குள்
அதற்கு எண்ணெய் சார்த்தவேண்டும்,
ஒவ்வொரு கண்ணியாக,
மேலிருந்து கீழே.